பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்: விமான இயக்கப் பிரிவுக்கு மாற நினைக்கும் வாசகிக்கு

வாசகியின் கடிதம், சுருக்கமாக

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் 29 வயது வாசகி எழுதியிருக்கிறார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் விமானப் போக்குவரத்து நிர்வாகம் படித்தவர். சாங்கி விமான நிலையத்தில் ஒரு தரைச்சேவை நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக செக்-இன் கவுன்டரிலும் கேட்டிலும் வேலை பார்க்கிறார். அடிப்படைச் சம்பளம் 2,450 வெள்ளி. மாதத்துக்குச் சுமார் 30 மணி நேரம் ஓவர்டைம் கிடைக்கிறது.

அதே நிறுவனம் இப்போது ஃப்ளைட் ஆபரேஷன்ஸ் ஏஜென்ட் பணிக்கு உள்ளுக்குள்ளேயே ஆள் எடுக்கிறது. அடிப்படைச் சம்பளம் 2,750 வெள்ளி, இரவுப்பணி ஒன்றுக்கு 15 வெள்ளி படி. இரண்டு பகல், இரண்டு இரவு, தலா 12 மணி நேரம். பிறகு நான்கு நாள் ஓய்வு. பத்து வார வகுப்பும் அதன்பின் வேலையிடப் பயிற்சியும் உண்டு. பயிற்சிக்கு ஈடாக 24 மாத பாண்ட். இடையில் விலகினால் 6,000 வெள்ளி கட்ட வேண்டும். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

அவர் கேட்பவை: "எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. லோட் ஷீட்டில் (விமானத்தின் எடைக் கணக்குத் தாள்) ஒரு எண் தப்பாகப் போய் விமானத்துக்கு ஏதாவது ஆனால் என்னைச் சிறையில் போடுவார்களா? தாமதம் என்னால் ஏற்பட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று மேற்பார்வையாளர் சொல்கிறார், உண்மையா? இதெல்லாம் வேண்டாம், அமெரிக்காவில் ஆறு வாரம் படித்தால் டிஸ்பாட்சர் லைசென்ஸ் கையில், உலகத்தில் எங்கும் வேலை என்று ஒரு முகவர் 9,500 வெள்ளி கேட்கிறார். அதுதான் நல்லதா? மகனுக்கு மூன்றரை வயது. மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். இரவு வேலைக்குப் போனால் வீடு என்ன ஆகும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே கிடைக்கும் இந்த வாய்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது உங்கள் கையில் இருக்கும் தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். அமெரிக்கப் படிப்புக்கு இப்போது காசு கட்ட வேண்டாம். நீங்கள் பயப்படும் கணக்கைவிட, நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப்போன சம்பள விவரம்தான் எனக்குக் கவலை தருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்த வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்?

நீங்கள் ஆபரேஷன்ஸ் ஏஜென்டையும் டிஸ்பாட்சரையும் ஒரே ஆளாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பெயர்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. ஆனால் வேலை வேறு. எந்தப் பாதையில் பறப்பது, எவ்வளவு எரிபொருள், மாற்று நிலையம் படாமா செனாயா கோலாலம்பூரா என்று பயணத் திட்டம் போடுவது விமான நிறுவனத்தின் இயக்கக் கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் டிஸ்பாட்சர். நிலையத்தில் இருக்கும் ஏஜென்ட் அந்தத் திட்டத்தை விமானிகளின் கையில் சேர்ப்பார். வானிலை அறிக்கையையும், ஓடுதளம், வான்வழி மாற்றங்களைச் சொல்லும் நோட்டாம் அறிவிப்புகளையும் எடுத்துக் கொடுப்பார். எந்தப் பெட்டி எந்த அறையில் ஏற வேண்டும் என்று ஏற்றும் குழுவுக்கு உத்தரவு எழுதுவார். லோட் ஷீட் போடுவார். ஆபத்தான சரக்கு இருந்தால் கேப்டனுக்கு அறிவிப்புப் படிவம் கொடுப்பார். விமானம் கிளம்பியதும் நேரத்தையும் சுமையையும் அடுத்த நிலையத்துக்குச் செய்தியாக அனுப்புவார்.

இதில் ஒன்றை மனிதவளப் பிரிவிடம் நேராகக் கேளுங்கள்: எந்தெந்த விமான நிறுவனங்களின் லோட் ஷீட்டை உங்கள் பிரிவே போடுகிறது? இப்போது பல விமான நிறுவனங்கள் எடைக் கணக்கை ஒரே மையத்துக்குக் கொண்டுபோய்விட்டன. அங்கிருந்து தாள் வரும். நிலைய ஏஜென்ட் விவரம் அனுப்பி, வந்ததைச் சரிபார்ப்பதோடு சரி. அதுவும் பொறுப்பான வேலைதான். ஆனால் நாளைக்கு வேறு நிறுவனத்துக்குப் போகும்போது, "இந்த வகை விமானத்துக்கு நானே லோட் ஷீட் போட்டிருக்கிறேன்" என்று சொல்ல முடிவதற்குத்தான் விலை. அந்தத் தகுதி விமான வகைக்கு வகை தனித்தனியாக வாங்க வேண்டியது. இரண்டு ஆண்டு பாண்டுக்கு ஈடாக எத்தனை வகைகளில் தகுதி கிடைக்கும் என்று கேட்பது நியாயமான கேள்வி.

கணக்கைப் பற்றி

இதில் இருக்கும் கணக்கு கூட்டலும் கழித்தலும்தான். ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஒரு ஏர்பஸ் ஏ320 என்று வைத்துக்கொள்வோம். எண்கள் பயிற்சிக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் நிறுவனத்தின் கையேட்டில் வேறு மாதிரி இருக்கும்.

பணியாளர்கள், உணவுப் பொருள்களுடன் வெற்று இயக்க எடை 43,200 கிலோ. பெரியவர்கள் 174 பேர், ஆளுக்கு 84 கிலோ: 14,616. பிள்ளைகள் 4 பேர், தலா 35: 140. பைகள் 2,250. சரக்கு 900. எல்லாம் கூட்டினால் 61,106. எரிபொருள் இல்லாத எடை இது, உச்சவரம்பு 62,500. இன்னும் 1,394 கிலோ இடம் இருக்கிறது.

புறப்படும்போது எரிபொருள் 11,500. புறப்படும் எடை 72,606, வரம்பு 77,000. இடம் 4,394. வழியில் எரியப்போவது 7,800. அதைக் கழித்தால் தரையிறங்கும் எடை 64,806; வரம்பு 66,000. இடம் 1,194.

மூன்று விடைகள் வந்துவிட்டன: 1,394, 4,394, 1,194. இவற்றில் எது குறைவோ அதுதான் உங்களுக்கு உண்மையில் மிச்சமிருக்கும் இடம். பயிற்சியில் சேரும் பலர் புறப்படும் எடையை மட்டும் பார்த்துவிட்டு "நாலு டன்னுக்கு மேல் இடம் இருக்கிறதே" என்று சரக்குப் பிரிவுக்குச் சொல்லிவிடுவார்கள். இரண்டு டன் சரக்கு கூடுதலாக ஏறினால் விமானம் ஒழுங்காகக் கிளம்பும். போய் இறங்கும் இடத்தில் வரம்பை மீறியிருக்கும். எரிபொருள் இல்லாத எடையும் அப்போதே மீறியிருக்கும். ஆகவே பிசகுவது கூட்டலில் அன்று, எந்த வரம்பைப் பார்க்கிறோம் என்பதில்.

எடைக்கு அடுத்தது சமநிலை. அதே 900 கிலோ சரக்கு முன்னறையில் இருப்பதும் பின்னறையில் இருப்பதும் விமானிக்கு ஒன்றில்லை. ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்பதை வைத்துத்தான் வாலில் இருக்கும் கிடைமட்டத் தளத்தை எத்தனை டிகிரிக்குத் திருப்பி வைப்பது என்று அமைப்பார்கள். பின்பக்கம் அதிகம் கனத்தால் தரையில் நிற்கும்போதே மூக்கு மேலே எழும்பக்கூடும். போயிங் 737-900, ஏ321 மாதிரி நீண்ட உடல் கொண்ட வகைகளில் இது கண்கூடான ஆபத்து. ஏற்றும்போது முன்னறையை முதலில் நிரப்பு, இறக்கும்போது பின்னறையை முதலில் காலி செய் என்று சொல்வது அதனால்தான். வரைபடத்தில் கோடு இழுத்தும் கணினியிலும் இதைக் கற்றுத் தருவார்கள். உங்கள் தொழிற்கல்லூரிப் படிப்புக்கு இது எட்டாத விஷயமே அன்று.

உண்மையில் கடினம் நேரத்தில் இருக்கிறது. கவுன்டர் 60 நிமிடத்துக்கு முன்பு மூடப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை நீங்கள் கேட் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பயணி வரவில்லை. அவர் பை ஏறிவிட்டது, இறக்க வேண்டும். எந்தக் கொள்கலனில் இருக்கிறது என்று தேடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து மின்னல் எச்சரிக்கை வருகிறது. தரையில் எல்லா வேலையும் நிற்கிறது. விமானி ஒருவர் "இன்னும் 400 கிலோ எரிபொருள் வேண்டும்" என்கிறார். மேலே நாம் போட்ட கணக்கில் இந்த 400 கிலோ வழியில் எரியாது, அப்படியே தரையிறங்கும் எடையில் சேரும். 1,194 இப்போது 794 ஆகிவிட்டது. புறப்படத் தயாராகும் நேரத்தை நீங்கள் சாங்கியின் கூட்டு முடிவெடுக்கும் முறையில் மாற்றிப் பதியாவிட்டால், என்ஜின் முடுக்க அனுமதி கிடைக்கும் வரிசையில் இடம் போய்விடும். ஒரு கையில் வாக்கி-டாக்கி, எதிரே இரண்டு திரை. உங்களைச் சுற்றி எல்லாரும் அவசரப்படுத்தும்போது, "பை இறங்கியது உறுதியாகும் வரை தாள் தர மாட்டேன்" என்று அமைதியாகச் சொல்ல முடியுமா? நான்கு ஆண்டு கவுன்டரில் கோபக்காரப் பயணிகளிடம் "கவுன்டர் மூடியாகிவிட்டது" என்று சொல்லிப் பழகியவர் நீங்கள். அந்தப் பழக்கம் இங்கே கணக்கறிவைவிட அதிகம் உதவும்.

கணினி பார்த்துக்கொள்ளுமா?

கடிதத்தில் ஓர் இடத்தில், "எல்லாம் கணினியே போட்டுவிடுமாமே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2020 ஜூலை 21 அன்று பிரிட்டனின் பர்மிங்ஹாமிலிருந்து பால்மாவுக்குப் போன ஒரு போயிங் 737-இன் லோட் ஷீட், உண்மை எடையைவிட 1,244 கிலோ குறைவாக இருந்தது. புதிதாக மாற்றப்பட்ட பதிவு மென்பொருள், "மிஸ்" என்று பட்டம் போட்டிருந்த பெரிய பெண்களைப் பிள்ளைகளாகக் கணக்கிட்டுவிட்டது. 69 கிலோவுக்குப் பதில் 35 கிலோ. கணினி கூட்டியது சரி. கொடுத்த தகவல் தப்பு. அந்த விமானம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் லோட் ஷீட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருந்தது என்பதைக் கண்ணால் பார்த்தே ஒருவர் கேள்வி கேட்டிருக்கலாம்.

2003 மார்ச் 12 அன்று ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய போயிங் 747-400 விஷயம் இன்னும் நேரடியானது. புறப்படும் எடை 347.4 டன். விமானியறையில் வேகங்களைக் கணக்கிடும்போது 247.4 என்று எடுத்துக்கொண்டார்கள். மூக்கைத் தூக்கும் வேகம் 33 நாட் (விமான வேகத்தின் அலகு) குறைவாக வந்தது. வால் ஓடுதளத்தில் உரசியது. விமானம் திரும்பி வந்து இறங்கியது, யாருக்கும் காயமில்லை. லோட் ஷீட் போட்டவரின் பிழை அன்று அது. ஆனாலும் பயிற்சியில் உங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகும் ஒன்றை அது காட்டுகிறது: ஒவ்வொரு எண்ணையும் "இந்த விமானம், இந்தத் தூரம், இத்தனை பேர், வழக்கமாக எவ்வளவு வரும்?" என்று மனத்துக்குள் உரசிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு பழக்கத்தை இப்போதிருந்தே ஆரம்பிக்கலாம். உங்கள் கேட்டிலிருந்து கிளம்பும் விமானங்களின் பயணிகள் எண்ணிக்கையை வைத்து எடையைத் தோராயமாகக் கணித்துவிட்டு, ஆபரேஷன்ஸ் நண்பர்களிடம் எவ்வளவு வந்தது என்று கேட்டுப் பாருங்கள். கூடவே, எல்லா நேரத்தையும் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், நினைக்கப் பழகுங்கள். நம் நேரத்திலிருந்து 8 மணி கழிக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு, காலை 8 மணிக்கு முன் கிளம்பும் விமானத்துக்குத் தேதியும் ஒரு நாள் பின்னால் போகும். புதியவர்களின் பிழைகளில் தேதிப் பிழைக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு.

தப்பு நடந்தால்

சிறை பயத்தை இறக்கி வையுங்கள். சிங்கப்பூரில் விமான விபத்துகளை விசாரிப்பது போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு. அதன் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. யார் மேல் பழி என்று தீர்மானிப்பது அதன் வேலை இல்லை. நடைமுறைப்படி வேலை செய்து, நேர்மையாகச் செய்த பிழையை உடனே சொன்னால், வழக்கமாக நடப்பது மறுபயிற்சியும் கண்காணிப்பும். தெரிந்தே பொய் எண் எழுதுவது, பிழையைக் கண்டபிறகு மறைப்பது, சரிபார்க்காமலே சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போடுவது: இவை வேறு கணக்கு. இவற்றுக்கு ஒழுங்கு நடவடிக்கையும் வரும், சட்டமும் வரலாம். விமானம் நகர ஆரம்பித்த பிறகு தப்பு தெரிந்தாலும் வாக்கி-டாக்கியை எடுத்துச் சொல்லிவிடுங்கள். அதற்காக வரும் தாமதத்தை யாரும் உங்கள் மேல் குற்றமாகச் சொல்லக்கூடாது.

தாமதத்துக்குச் சம்பளம் பிடிப்பது பற்றி மேற்பார்வையாளர் சொன்னது தவறு. வேலை நியமனச் சட்டத்தில் சம்பளப் பிடித்தத்துக்கு அனுமதிக்கப்பட்ட காரணங்கள் பட்டியலாகவே இருக்கின்றன. பொறுப்பில் கொடுத்த பணமோ பொருளோ உங்கள் கவனக்குறைவால் தொலைந்தாலோ சேதமானாலோ பிடிக்கலாம். அதற்கும் முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. விமானம் 20 நிமிடம் தாமதமானது இந்தப் பட்டியலில் இல்லை. அப்படிப் பிடித்தால், வேலையில் இருக்கும்போதே ஓர் ஆண்டுக்குள் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியிடம் புகார் கொடுக்கலாம். வேலையை விட்டிருந்தால் ஆறு மாதத்துக்குள்.

இதோடு சேர்ந்த ஒன்று, தாமதக் குறியீடு. ஒவ்வொரு தாமதத்துக்கும் இரண்டு இலக்க எண் ஒன்றைப் பதிவார்கள். 15 என்றால் பயணிகள் ஏறுவதில் குழப்பம், 32 ஏற்றி இறக்கும் வேலை, 41 விமானக் கோளாறு, 77 மோசமான வானிலையால் தரைவேலை தடைபட்டது, 93 விமானமே முந்தைய பயணத்திலிருந்து தாமதமாக வந்தது. எந்தத் துறை மேல் பழி விழுகிறது என்பதை இந்த எண் முடிவு செய்வதால் இதற்காகச் சண்டை நடக்கும்; "32 வேண்டாம், 77 போடு" என்று உங்களிடம் வந்து நிற்பார்கள். மின்னல் எச்சரிக்கை தொடங்கியதும் முடிந்ததும் எந்த நேரம் என்று அங்கேயே குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பே உங்களைக் காப்பாற்றும்.

சம்பளத்தில் இருக்கும் 2,600 வெள்ளிக் கோடு

நான் முதலில் சொன்ன கவலை இதுதான். வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதிதான் வேலை நேரம், ஓய்வு நாள், ஓவர்டைம் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு தருகிறது. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை. உங்களைப் போன்ற மற்ற ஊழியர்களுக்கு 2,600 வெள்ளி வரை. இன்றைக்கு நீங்கள் 2,450-இல் இருப்பதால் ஓவர்டைம் உங்கள் சட்ட உரிமை. 2,750-க்குப் போன அன்றே அந்தப் பகுதி உங்களுக்குப் பொருந்தாது. அதன்பின் ஓவர்டைம் உண்டா, எந்த விகிதம் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலோ தொழிற்சங்கத்தின் கூட்டு உடன்பாட்டிலோ என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

வெள்ளியில் பார்ப்போம். இப்போது உங்கள் ஒரு மணி நேர அடிப்படை விகிதம், 2,450-ஐ 12-ஆல் பெருக்கி, 52-ஐ 44-ஆல் பெருக்கி வருவதால் வகுத்தால், 12.85 வெள்ளி. ஒன்றரை மடங்கு 19.27. முப்பது மணி நேரத்துக்குச் சுமார் 578. ஆக மொத்தம் 3,028 வெள்ளி. புதிய வேலையில் மாதம் ஏழெட்டு இரவுகள் வரும். அந்தப் படி 105 முதல் 120. மொத்தம் சுமார் 2,860. முந்நூறு வெள்ளி ஏற்றம் என்று நினைத்தது, கையில் 160 வெள்ளிக்கு மேல் குறைவாக வந்து நிற்கிறது. நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு என்ற அட்டவணை வாரத்துக்குச் சராசரி 42 மணி நேரம்தான் என்பதால் அதற்குள் ஓவர்டைமும் விழாது.

இதை வைத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதம் 30 மணி நேரம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது, மகனுக்கு அது பெரிது. மேலே போகும் வழியும் இந்தப் பிரிவில் உண்டு: லோட் கன்ட்ரோலர், பணிநேர மேலாளர், விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையம். ஆனால் ஓய்வு நாளில் அழைத்தால் என்ன விகிதம், 12 மணி நேரத்தைத் தாண்டி விமானம் தாமதமானால் என்ன, பொது விடுமுறையில் என்ன என்று மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தகுதி பெற்றதும் சம்பளம் எவ்வளவு ஆகும் என்பதையும் கேளுங்கள். தொழிற்சங்கத்தில் இல்லையென்றால் சேருங்கள். சம்பளக் கோரிக்கைக்கான உச்சவரம்பு 20,000 வெள்ளியிலிருந்து சங்கத்தின் மூலம் போனால் 30,000 ஆகிறது.

பாண்ட்

பாண்ட் போட்டால் நிறுவனம் உங்களை வேலையில் பிடித்து வைத்திருக்க முடியும் என்று நீங்கள் நினைத்தால் அது சரியில்லை. முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பணத்தைத் திருப்பிக் கேட்க மட்டுமே அவர்களுக்கு உரிமை. அதிலும், சிங்கப்பூர் நீதிமன்றங்கள் ஒப்பந்த மீறலுக்கான தொகையை, ஏற்படக்கூடிய இழப்பின் நேர்மையான மதிப்பீடா, அல்லது பயமுறுத்தும் அபராதமா என்று பார்க்கின்றன. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் இதே அளவுகோலை உறுதிப்படுத்தியது. 23-ஆவது மாதம் விலகினாலும் முழு 6,000 என்று இருக்கும் உங்கள் ஒப்பந்தம் அந்தக் கண்ணோட்டத்தில் பலவீனமானது. ஆனால் வழக்குப் போட்டு நிரூபிப்பதைவிடக் கையெழுத்துக்கு முன் மாற்றுவது சுலபம்.

நீங்கள் கேட்க வேண்டிய மாற்றங்கள்:

முதலாவது, மாதத்துக்கு 250 வெள்ளி வீதம் குறைய வேண்டும். பதினெட்டு மாதத்தில் விலகினால் 1,500 மட்டும்.

இரண்டாவது, பாண்ட் காலம் எந்த நாளில் தொடங்குகிறது? சில ஒப்பந்தங்களில் வகுப்பு தொடங்கிய நாள், சிலவற்றில் தகுதி பெற்ற நாள். வேலையிடப் பயிற்சி நீண்டால் உங்கள் 24 மாதம் 30 மாதமாகிவிடும்.

மூன்றாவது, பயிற்சியில் தேறாவிட்டாலோ, நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தாலோ பாண்ட் தானாக ரத்தாக வேண்டும். தேறாதவர் பழைய வேலைக்கே திரும்பலாம் என்றும் இருக்க வேண்டும். இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. 2025 ஜூலை 31-இல் ஜெட்ஸ்டார் ஏஷியா சேவையை நிறுத்தியபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஒரு விமான நிறுவனம் போனால் அதற்கு வேலை செய்யும் தரைச்சேவைப் பிரிவும் சுருங்கும்.

பாண்ட் தொகையைக் கடைசிச் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு வரி இருந்தால் கவனியுங்கள். அப்படிப்பட்ட எழுத்துச் சம்மதத்தை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். முன்பணமாக எதுவும் கட்டாதீர்கள்.

அமெரிக்கச் சான்றிதழ்

முகவர் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவின் டிஸ்பாட்சர் சான்றிதழ் மதிப்புள்ளதுதான். குறைந்தது 200 மணி நேர அங்கீகரிக்கப்பட்ட வகுப்பு, 80 கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வில் 70 விழுக்காடு, பிறகு செய்முறையும் வாய்மொழித் தேர்வும். வயது 23 ஆகியிருக்க வேண்டும். ஐந்தாறு வாரத்தில் முடிப்பவர்கள் நிறைய. அந்த நாட்டு விமான நிறுவனங்களில் டிஸ்பாட்சரும் கேப்டனும் பயணத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று சட்டமே சொல்வதால் அந்தச் சான்றிதழுக்கு அங்கே எடை அதிகம்.

மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. அந்தச் சான்றிதழ் உங்களுக்கு அமெரிக்காவில் வேலை செய்யும் அனுமதியைத் தராது. படிக்கப் போவதற்கே சுற்றுலா விசா போதாது. தொழிற்கல்விக்கான எம்-1 விசா வேண்டும். அந்தச் செலவும் காத்திருப்பும் 9,500-இல் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இங்கே ஒரு விமான நிறுவனம் உங்களை எடுத்தாலும் தன் சொந்தப் பயிற்சியையும் தகுதித் தேர்வையும் மறுபடி முடிக்கச் சொல்லும். அனுபவமே இல்லாத சான்றிதழோடு வருபவரைவிட, மூன்று வகை விமானத்துக்கு லோட் ஷீட் போட்டு, சுமத்ரா புயல்காற்று விடியலில் வந்து நிலையத்தையே நிறுத்திய நாளில் வேலை பார்த்தவருக்குத்தான் கட்டுப்பாட்டு மையத்தில் கதவு திறக்கும். இரண்டு ஆண்டு இங்கே செய்துவிட்டு, டிஸ்பாட்சர் வேலைதான் வேண்டும் என்று அப்போதும் தோன்றினால், அந்தப் படிப்புக்கு அப்போது ஓர் அர்த்தம் இருக்கும்.

இரவும் மகனும்

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், மது அருந்தியவரின் அளவுக்கு மழுங்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பகல் முழுக்க மகனோடு இருந்துவிட்டு இரவு ஏழு மணிக்கு வேலைக்கு வந்தால், விடியற்காலை நான்கு மணிக்கு நீங்கள் அந்த நிலையில்தான் இருப்பீர்கள். சரியாக அந்த நேரத்தில்தான் காலை விமானங்களின் கணக்கு ஆரம்பிக்கும். ஆகவே முதல் இரவுக்கு முன் மதியம் குறைந்தது மூன்று மணி நேரமாவது கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது இந்த வேலையின் ஒரு பகுதி. இதை மாமியாரிடமும் கணவரிடமும் இப்போதே பேசிவிடுங்கள். "அம்மா வீட்டில்தானே இருக்கிறாள்" என்று எழுப்பினால் இரண்டு மாதம்கூடத் தாங்காது. இரவுப்பணி முடிந்த காலையில் மகனைப் பாலர் பள்ளியில் விடும் பொறுப்பு கணவருடையதாக இருக்கட்டும். நள்ளிரவில் எம்ஆர்டி கிடையாது; அவசரத்துக்கு அழைத்தால் நிறுவனம் வண்டி அனுப்புமா, டாக்சிக் கட்டணம் தருமா என்பதும் கேட்க வேண்டியதே.

மகன் சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் ஏழு வயது வரை ஆண்டுக்கு ஆறு நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. புதிய பணியிலும் அது தொடரும். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் வழிகாட்டிப்படி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை எழுத்தில் கேட்டால், நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஷிஃப்ட் பிரிவில் எல்லாம் கிடைத்துவிடாது. ஆனால் சக ஊழியரோடு இரவுகளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு, ஒரே குழுவில் நிலையாக இருப்பது போன்றவை நடக்கக்கூடியவை. இடமாற்றத்துக்குப் புதிதாகத் தகுதிகாண் காலம் வைப்பார்களா என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த வாரமே மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நேரில் பேசினாலும், பேசியதை அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள். எந்தெந்த லோட் ஷீட், எத்தனை வகை விமானம், ஓவர்டைம் விகிதம், தகுதி பெற்ற பின் சம்பளம், பாண்ட் மாதாமாதம் குறைவது, தேறாவிட்டால் என்ன: இந்த ஆறும் அதில் இருக்கட்டும். கூடவே, கையெழுத்துக்கு முன் ஓர் இரவுப்பணி முழுவதும் ஆபரேஷன்ஸ் அறையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பாண்ட் குறைவதும் ஓவர்டைமும் எழுத்தில் வந்தால் போடுங்கள். மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் இரண்டு வார அவகாசம் கேளுங்கள். இரண்டையும் மறுத்தால் அடுத்த ஆள் எடுப்பு வரை காத்திருங்கள். கவுன்டர் வேலையும் 2,450 வெள்ளியும் ஓவர்டைம் உரிமையும் அதுவரை உங்களிடம்தான் இருக்கின்றன.